அரை மணி நேரம் பாருங்க

பக்ருதீன் பாயை ஆஃபியாதான் ஊசி போட்டுக் கொன்றுவிட்டாள் என்ற பேச்சு ஆஃபியாவின் காதுக்கு வந்து சேர நான்கு நாள் பிடித்தது. அதுவும் நேர்வழியில் வரவில்லை. தண்டையார்பேட்டையில் கிளம்பி, மீன் கூடையோடு ஷேர் ஆட்டோ ஏறி, ராயபுரத்தில் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற பெண்களிடம் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, பெரம்பூரில் அவள் வேலை செய்யும் மருத்துவமனையின் உடை மாற்றும் அறையில், கூட வேலை பார்க்கும் கரோலினின் வாய் வழியாக வந்து இறங்கியது.

"ஏன்டி ஆஃபி, உங்க தெருவுல பக்ருதீன்னு யாராவது கீறாங்களா?"

"இருந்தாரு. வியாழக்கிழமை மவுத்தாயிட்டாரு. உனக்கு எப்டித் தெரியும்?"

கரோலின் கொண்டையில் ஊசி செருகியபடியே கண்ணாடிக்குள் இருந்து அவளைப் பார்த்தாள். "லூர்து சித்தி சொல்லிச்சு. அதுக்கு மீன்காரம்மா சொல்லிச்சாம். யாரோ ஒரு நர்சு, ஆஸ்பத்திரி மருந்த வூட்டுக்குத் தூக்கினு போயி, பாய்க்கு ஊசி போட்டுச்சாம், அஞ்சே நிமிசத்துல ஆளு குளோஸாம். பேரு ஆயிஷாவோ ஆஃபியாவோன்னு சொன்னாங்கோ. நான் சண்டைக்கே போய்ட்டேன். எங்க ஆஃபி அன்னிக்கு என் பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சு, நாலாம் பெட்டுக்குக் குழாய் மாத்திகினு இருந்தோம்னேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"இன்னா சொல்வாங்கோ? ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டு, அந்தாண்ட போயி மறுபடியும் அதையேதான் சொல்லிகினு இருந்தாங்கோ."

ஊசி இல்லை. மருந்தும் இல்லை. பேச்சில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. ஆனாலும் ஆஃபியாவுக்குக் கோபம் வரவில்லை. வியாழக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சாப்பிடப் போனபோது லாக்கரைத் திறந்தாள். ஐசியூவுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, எல்லாருடையதும் லாக்கரில்தான் கிடக்கும். அன்று அவள் போனில், பக்ருதீன் பாயின் மனைவி ரஹீமுன்னிசா மாமியின் எண்ணிலிருந்து ஐந்து அழைப்புகள் எடுக்கப்படாமல் கிடந்தன. திரும்ப அழைத்தபோது யாரோ ஒரு பெண் எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அழுகைச் சத்தத்துக்கு நடுவே நீட்டிப் பிடித்தாள். அந்த ஐந்து அழைப்புகளைத்தான் நான்கு நாளாக அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

ஆஃபியாவுக்கு வயது நாற்பது. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்து, நர்சிங் பட்டம் வாங்கிக்கொண்டு ஐசியூவுக்குள் நுழைந்தவள். இருபத்து நான்கு வயதில் சுஃபியானைக் கட்டினாள். அடுத்த வருடம் நவ்ரீன் பிறந்தாள். பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் எழுதிய மருந்தைக் கொடுத்தாள். பின்னிரவில் நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கண்டுபிடித்து டாக்டரை எழுப்பினாள். அவர் வந்து, அவள் ஏற்கெனவே நினைத்ததையே சொல்லிவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தேழாவது வயதில், நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு மேற்படிப்பு இருக்கிறது, இரண்டு வருடம் வார்டிலேயே கிடந்து கற்க வேண்டும், முடித்தால் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் தகுதி வரும் என்று கேள்விப்பட்டாள். வீட்டில் சொன்னதும் உறவு மொத்தமும் ஒரே குரலில் கேட்டது: பொம்பளப் புள்ள வளர்ற வயசு, இப்போ உனக்கு எதுக்கும்மா படிப்பு?

சுஃபியான் மட்டும், "படிக்கட்டும். நான் சோறாக்குறேன்" என்றான்.

ஆக்கினான். முதல் மாதம் குழைந்தது, இரண்டாம் மாதம் தீய்ந்தது, ஆறாவது மாதத்தில் அவன் குஸ்காவுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து கிண்ணம் வந்தது. மணலி பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. லாரி கேட்டைத் தாண்டும் முன் பெட்டியின் சீல் நம்பரைத் தாளோடு ஒத்துப் பார்த்து, "சரியா கீது, வண்டி போலாம்" என்று கை காட்ட வேண்டும். பகல் ஒரு வாரம், இரவு ஒரு வாரம். நடுவில் சர்க்கரை வியாதியும் வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்க அவள் வீட்டில் இல்லாததால் பாதி நாள் மறந்தான். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் பரீட்சை முடியட்டும், முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நவ்ரீன் வயதுக்கு வந்த அன்றும் அவள் டியூட்டியில்தான் இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டி, தலைவாரிப் பூ வைத்து, பயப்படாதே என்று மடியில் போட்டுக்கொண்டது ரஹீமுன்னிசா மாமிதான்.

படிப்பு முடிந்தது. மருத்துவமனையில், "அப்டி ஒரு போஸ்ட் நம்மகிட்ட இல்லையேம்மா" என்றார்கள். அதே வேலை, அதே சட்டை, நெஞ்சில் அதே பழைய அட்டை. ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்து என்ன செய்யலாம் என்று அவள் சொல்வாள், கையெழுத்து வேறு யாராவது போடுவார்கள். ஆனால் தெருவில் யாரும் போஸ்ட் கேட்கவில்லை. அங்கே அவள் டாக்டரம்மா. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்தத் தெருவில் ஒரு மெஷின் இருந்தது. நவ்ரீனுக்கு நான்கு வயதில் மூச்சு இழுத்தபோது ஆஃபியா வாங்கிய நெபுலைசர். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று திரும்பி, அழுகின முட்டையும் கருகின ரப்பரும் கலந்த அந்த நாற்றம் வரும் நாட்களில் பாதித் தெரு இருமும். முதலில் எதிர்வீட்டுக் குழந்தைக்கு இரவல் போனது. பிறகு அடுத்த வீடு. பிறகு அது யார் வீட்டு மெஷின் என்பதே மறந்துபோயிற்று. ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வீடு வீடாகக் கை மாறும். மூக்கில் வைக்கும் மாஸ்க் மட்டும் அவரவருக்குச் சொந்தம். பேர் எழுதிய கவரில் போட்டு ஆணியில் தொங்கும். "மெஷின் யார் வூட்ல கீது?" என்று பால் வாங்கும்போது கேட்பது அங்கே நலம் விசாரிப்பது போல.

மெஷினோடு போனும் வந்தது. படிப்பின் முதல் வருடம், ஒரே நாற்ற நாளில் பதினேழு அழைப்புகள். வைக்கலாமா, எவ்வளவு மருந்து, இன்னும் இருமுது, இப்போ இருமல. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஓடி வந்தவளைப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் எல்லார் முன்பும் நிறுத்தி, "படிக்க வந்தியா, கடை நடத்த வந்தியா?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஃபியா தெருப் பெண்களைக் கூட்டி வைத்து ஒரு சட்டம் போட்டாள். நாற்றம் வந்து மூச்சு இழுத்தால் மெஷின் வையுங்கள். அரை மணி நேரம் பாருங்கள். அடங்காவிட்டால் அதற்குப் பிறகு எனக்குப் போன் பண்ணுங்கள். சுஃபியான் அதை மெஷினின் மூடியில், கண்டெய்னரில் எழுதுகிற மார்க்கரால் பெரிது பெரிதாக எழுதினான்: அரை மணி நேரம் பாருங்க.

அழைப்புகள் ஒன்று இரண்டாகக் குறைந்தன. அவளால் படிக்க முடிந்தது. இழுப்பு வந்த குழந்தைகளுக்கு அந்தச் சட்டம் போதும். யாருக்கு அது பொருந்தாது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழைப்புகள் மறுபடி பதினேழு ஆகியிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் மாமியைப் பார்க்கப் போனாள். மாமி இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் நான்கு மாதம் பத்து நாள் அந்த உள்ளறைதான். வெள்ளைச் சேலையில், கையில் வளையல் இல்லாமல், பாயில் உட்கார்ந்திருந்தவள் ஆஃபியாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாம்மா. டூட்டி முடிஞ்சி நேரா வர்றியா? எதனா துன்னியா?"

"ஆச்சு மாமி."

"பொய் சொல்ற. மொகமே சொல்லுது."

பிறகு மாமியே தொடங்கினாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒப்பித்துக் காட்டும் பிள்ளையின் கவனம்தான் இருந்தது.

"நீ சொன்ன மாதிரியேதாம்மா செஞ்சோம். ஒண்ணத்தயும் மாத்தல. காலைல பத்து மணிக்கு நாத்தம் தாங்கல. ஊதுபத்தி ஏத்திப் பாத்தேன். இவுரு பேப்பர் படிச்சிகினு இருந்தாரு. தம்மு கட்டுதுடின்னாரு. வலிக்குதான்னு கேட்டேன், வலியெல்லாம் இல்ல, மூச்சுதான் பத்தலன்னாரு. புள்ள ஃபர்ஹான் ஆட்டோ இட்டாரேன்னு செருப்ப மாட்டிட்டான். நான்தான், இருடா, ஆஃபியா இன்னா சொல்லிக்கீது, மொதல்ல மெஷினு, அப்புறம் அரை மணி நேரம், அதுக்கப்புறம்தான் மத்ததுன்னேன். கடியாரத்தப் பாத்துகினே உக்காந்திருந்தேன்."

"வேர்த்துச்சா மாமி?"

"ஆறா ஓடுச்சு. பனியனப் புழியலாம். அன்னிக்குக் கடக்காத்தே வரலியே, ஊரே வேர்த்துகினுதானே கெடந்துச்சு."

ஆஃபியா பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பாய்க்குப் பத்து வருட சர்க்கரை. வலி இல்லாமல் மூச்சு மட்டும் முட்டுவது. வேர்வை. முதல் வருட மாணவிகூட மாரடைப்பு என்று சொல்லிவிடுவாள். அந்தத் தெருவில் மட்டும்தான் அது நாற்றமாகத் தெரியும். மூச்சு முட்டினால் மணலி என்றே அங்கே எல்லாரும் பிறந்ததிலிருந்து பழகியிருந்தார்கள்.

மாமி குரலைத் தாழ்த்தினாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாத. நீ அரை மணின்னு சொன்னே. எனக்கு மனசு கேக்கல. ரெண்டு நிமிசம் முன்னாடியே, இருபத்தெட்டுலயே மாஸ்க்க எடுத்துட்டு உனக்குப் போன் போட்டுட்டேன். அந்த ரெண்டு நிமிசம் கொறஞ்சதுனால எதனா ஆயிருக்குமாம்மா?"

சட்டமே தப்பு மாமி, பத்து மணிக்கு ஃபர்ஹான் செருப்பு மாட்டினானே, அப்போதே போயிருந்தால் பாய் இன்று பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம் என்று ஆஃபியா சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அந்த இருபத்தெட்டு நிமிடமும் இந்த அறையில் மாமியோடு நான்கு மாதம் பத்து நாள் உட்கார்ந்திருக்கும்.

"இல்ல மாமி. நீங்க எதுவும் தப்பு பண்ணல."

"அல்லா மேல ஆணையா?"

"அல்லா மேல ஆணையா."

மாமி பெருமூச்சு விட்டு அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது மாமியின் மகன் ஃபர்ஹான் வாசலில் நின்றிருந்தான். இருபத்தெட்டு வயது, துறைமுகத்தில் வேலை. காலடியில் மெஷின் கூடை.

"இத நீங்களே வச்சிக்கோங்கக்கா."

அவள் எடுக்கவில்லை.

"நெட்ல படிச்சேன். சுகர் கீறவங்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே அட்டாக் வருமாமே. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவன் காத்திருந்தான்.

"ஊசி போட்டீங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நான் அப்டிச் சொல்லல. யாராவது வந்து கேட்டா, இல்லன்னும் சொல்லல." கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

அதற்கடுத்த நாட்களில் மாஸ்க்குகள் வந்தன. யாரும் கையில் கொடுக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் கிரில் கம்பியில் ஒரு கவர் தொங்கும், மாலையில் இன்னொன்று. பேர் எழுதிய பதினோரு கவர்கள். ஆஃபியா ஒவ்வொரு வீடாகப் போனாள். சர்க்கரை இருந்தால், நாற்பது வயது தாண்டியிருந்தால் நாற்றமோ நறுமணமோ, மூச்சு முட்டினால் ஒரு நிமிடம்கூடப் பார்க்காதீர்கள், நேராக 108, நேராக ஆஸ்பத்திரி, ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "செரிம்மா, செரிம்மா" என்றார்கள். ஒருத்தி மட்டும், "போன தடவை வேற மாதிரி சொன்னியே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மெஷின் மூடியை ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தாள். மை போயிற்று, தடம் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அரை மணி இன்னும் தெரிந்தது.

"வுடு. இனிமே அது நம்ம வூட்டுக்கு மட்டும்தானே" என்றான் சுஃபியான்.

"உங்களுக்கும்தான் சுகரு. இந்த வாரமே ஈசிஜி எடுக்கணும்."

"எனக்கு இன்னா? கண்டெய்னரையே தூக்குவேன்."

"தூக்குறது கிரேனு. நீங்க நம்பர் பாக்குறீங்க."

"நம்பர் பாக்காம கிரேன் தூக்குமா? கேளு நவ்ரீன், உங்கம்மா இன்னா பேசுதுன்னு."

நவ்ரீன் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், "அத்தா, எடுத்துக்கோயேன்" என்றாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போகலாம் என்றான். அந்த வெள்ளி யார்டில் ஆள் இல்லை. அடுத்த வெள்ளி இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிவிட்டான்.

இன்னொரு பேச்சும் அவர்களுக்குள் இருந்தது. ஐசியூவில் மேசை மேல் ஒரு லேண்ட்லைன் உண்டு. அவசரத்துக்கு என்று அந்த எண்ணை அவள் வீட்டில் கொடுத்திருந்தாள். இரண்டு மாதம் முன்பு சுஃபியான் அதில் அழைத்து, குக்கர் வாஷரை எங்கே வைத்தாய் என்று கேட்டான். எடுத்தது பெரிய டாக்டர். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பதினான்கு படுக்கைக்கும் கேட்கும்படி, "ஆஃபியா, உங்க வீட்டுல வாஷர் காணாமப் போச்சாம். ஏதாவது பண்ணிக் காப்பாத்த முடியுமான்னு பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவள் சிரிக்கவில்லை.

"உசுரு போனாத் தவிர அந்த நம்பருக்குப் பண்ணாதீங்க!" என்று கத்தினாள். அவன் முகம் சுருங்கிப் போனது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே அதை வேடிக்கையாக்கிவிட்டான். பக்ருதீன் பாய் போன பிறகு, அவனைப் பிடித்து உட்கார வைத்து, "நான் அன்னிக்குச் சொன்னத மறந்துடுங்க. எதுக்கு வேணும்னாலும் அந்த நம்பருக்குப் பண்ணுங்க. வாஷருக்குக்கூடப் பண்ணுங்க" என்றாள்.

"செரி டாக்டரம்மா. உசுரு போறப்போ கண்டிப்பா பண்றேன்."

"வெளையாடாதீங்க."

"யாரு வெளையாடுறது? நான் சோறு வடிச்சுகினு கீறேன்."

ஜூலை நடுவில் உத்தரவு வந்தது. பெரிய டாக்டர் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். நர்ஸ் பிராக்டிஷனர், தீவிர சிகிச்சைப் பிரிவு. திங்கள் முதல். நோயாளி வந்ததும் முதலில் அவள் பார்க்கலாம், முதல் பரிசோதனைகளை அவளே சொல்லலாம். ஊர்ப் பேச்சு இங்கே வரை வருமோ என்று ஒரு மாதமாக இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது. கரோலின் அவளைக் கட்டிப்பிடித்து, "மவளே, இனிமே உனக்குத்தான்டி நான் சல்யூட் அடிக்கணும்" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தும் நாற்றம் உள்ளே வந்துவிட்டது. நவ்ரீன் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு டியூஷனுக்குப் போனாள். அங்கிருந்து அப்படியே பள்ளிக்கூடம். ஆஃபியா படி இறங்கும்போது, இரவு ஷிஃப்ட் முடிந்த சுஃபியான் ஏறி வந்தான். பாதிப் படியில் நின்று, சுவரில் கை ஊன்றிக்கொண்டு, அவள் நெஞ்சில் இருந்த புது அட்டையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாளோடு ஒத்துப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கினான்.

"நம்பர் சரியா கீது. வண்டி போலாம்."

அவள் சிரித்தாள். பிறகு அவன் நெற்றியைப் பார்த்தாள். "ஏன் இப்டி வேர்க்குது?"

"யாருக்கு வேர்க்கல? மூணு மணிலேர்ந்து இந்தக் கலீஜ் நாத்தம். தம்மே கட்டுது. தூங்கி எழுந்தா சரியாப் பூடும்."

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி கொஞ்சம் வேகம். படி ஏறியவனுக்கு அப்படித்தான் இருக்கும். ஏழு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதென்று சொல்ல முடியாது. முதல் நாள்.

"மெஷின் வச்சிட்டுத் தூங்குங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. உடனே போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"வச்சிட்டேம்மா. இப்போ பரவால்ல. மொத நாளு, நீ போ. சும்மா பேஜாரு பண்ணாத."

"மூச்சு முட்டுனா ஐசியூ நம்பருக்குப் பண்ணுங்க. இல்லன்னா 108."

"செரி, செரி."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள்.

ஒன்பதேமுக்காலுக்கு எர்ணாவூரிலிருந்து ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது, பெயர் ஆசீர்வாதம், மூச்சுத் திணறல். "நாத்தம் சிஸ்டர், காலைலேர்ந்து அந்தப் பக்கம் ஒரே நாத்தம். ஆஸ்துமா மாதிரி கீது" என்றாள் மனைவி. மருந்து கலக்கப் போன பெண்ணை ஆஃபியா கை நீட்டி நிறுத்தினாள்.

"சுகர் இருக்காம்மா?"

"எட்டு வருசமா."

"ஈசிஜி. இப்பவே."

தாளில் கோடுகள் எழும்பி வந்தன. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. அதன்பின் ஐம்பது நிமிடம் அவள் நிமிரவில்லை. ஆசீர்வாதத்தைச் சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் பெரிய டாக்டர் அந்தத் தாளை அவள் முன்னால் ஆட்டினார். "வேற யாராவது இருந்திருந்தா நாத்தம்னு சொல்லி மெஷின் வச்சிருப்பாங்க. அரை மணி நேரத்துல ஆள் போயிருப்பார். குட், ஆஃபியா."

அரை மணி நேரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கால்கள் தாமாகவே லாக்கர் அறைக்கு நடந்தன. சாவி இரண்டு முறை தவறியது. போனில் வெளிச்சம் வந்தது. சுஃபியான், மூன்று தவறிய அழைப்புகள். ஒன்பது ஐம்பத்திரண்டு. ஒன்பது ஐம்பத்தெட்டு. பத்து இருபத்தொன்று. இப்போது மணி பத்து நாற்பத்து மூன்று.

"கரோ! லேண்ட்லைனுக்கு எங்க வூட்லேர்ந்து யாராவது பண்ணாங்களா?"

"இல்லியே. காலைலேர்ந்து அதுக்கு ஒரு போனும் வரல. ஏன்டி?"

அழைத்தாள். மணி போனது. நின்றது. மறுபடி அழைத்தாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. தூங்கியிருப்பான். இரவு ஷிஃப்ட்காரன் தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டான். மூன்று முறை அழைத்தவன் எப்படித் தூங்குவான்?

"கரோ, 108க்குப் போடு. எங்க வூட்டு அட்ரஸ் உனக்குத் தெரியும். சுகர் பேஷன்ட்டு, மூச்சுத் திணறல்னு சொல்லு. கதவு உள்ள பூட்டியிருந்தா ஒடைக்கச் சொல்லு."

கரோலின் கேள்வி கேட்காமல் மேசைக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ் வரும். ஆனால் அந்தச் சந்துக்குள் அது நுழைய நேரமாகும். இப்போது, இந்த நிமிடம், படி ஏறிப் போய்க் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். நவ்ரீன் பள்ளிக்கூடத்தில். ரஹீமுன்னிசா மாமி இத்தாவில், வாசல் தாண்ட முடியாது. மற்ற வீடுகளின் எண்களெல்லாம் அவளிடம் இருந்தன. எடுத்தால் பேசுவார்களா என்று தெரியவில்லை. இந்த வாரம் பகலில் வீட்டில் இருக்கிற, மூன்றே எட்டில் அந்தப் படியை ஏறக்கூடிய ஒரே ஆள் யார் என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

ஃபர்ஹானின் பெயரை அழுத்தினாள்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் அவன் போனைக் கையில் எடுத்து, திரையில் யார் பெயர் என்று பார்ப்பதை அவள் பார்த்தாள். பார்க்காமலே பார்த்தாள். இரண்டாவது மணி. மேசையிலிருந்து கரோலின் உரத்த குரலில், "ஆமா, தண்டையார்பேட்டை, ரெண்டாவது மாடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மணி. ஆஃபியா சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

எடு ராசா, என்றாள் வாய்க்குள். எடுத்துத் திட்டு. எடு.

நான்காவது மணி அடித்துக்கொண்டிருந்தது.